ஸ்கிரீனிலேயே வரும்

சர்வர் படுத்துவிட்டது. வாடிக்கையாளர்களின் போன் விடாமல் அடித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் சீனியரின் மேஜைக்கு ஓடினாள்.

“சார், நம்ம ஆபீஸ்லயே எழுதின பேக்கப் கமாண்டை ஓட்டணும். கமாண்டுக்குப் பின்னால என்ன சேத்துக் குடுக்கணும்? தப்பாக் குடுத்தா இருக்கிறதும் அழிஞ்சிடுமாம்.”

சீனியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“காலேஜ்ல என்னத்தைப் படிச்சே? கமாண்டை அடிச்சு, பக்கத்துல ஹெல்ப்னு போடு. எல்லாம் ஸ்கிரீன்லயே வரும். எதுக்கெடுத்தாலும் ஆளைத் தேடி ஓடி வர்றது! எழுதி வெச்சதைப் படிக்க வலிக்குதா?”

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள்.

“போட்டுப் பாத்துட்டேன் சார்.”

“பாத்தும் புரியலையா? வெளங்கிடும். எங்கே, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படி.”

அவள் லேப்டாப்பைப் பார்த்துப் படித்தாள். “‘விவரம் வேண்டுமென்றால் என்னை வந்து கேட்கவும்.’ அவ்வளவுதான் சார் இருக்கு.”

“இதெல்லாம் ஒரு ஹெல்ப்பா? எந்தச் சோம்பேறி எழுதினான்? அவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளணும். கீழே பேர் போட்டிருப்பானே, அதையும் படி!”

அவள் படிக்கவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சீனியர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் பெயர்தான்.

“அதான் சார் வந்து கேட்டேன். என்ன குடுக்கணும்?”

சீனியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மற்ற மேஜைகளின் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, இதுக்கு என்ன குடுக்கணும்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

யாரோ தலை நிமிராமலே சொன்னார்கள்.

“ஹெல்ப் போட்டுப் பாருங்க சார்.”