பக்கத்து ஊட்டு வழக்கு

“பொண்டாட்டி இருக்கறப்பவே ஒருத்தன் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டா, எத்தனை வருசமுங்க உள்ள போடுவாங்க?”

யோகப்பிரியா எழுந்து நின்று கேட்டாள். கேட்ட கையோடு, “பக்கத்து ஊட்டுல இப்படி ஆயிப்போச்சுங்க மேடம்” என்று சேர்த்துக்கொண்டாள்.

எல்லையில் கேரளப் பக்கம் இருக்கிற கோபாலபுரத்தில் அன்று மகளிர் குழுப் பெண்களுக்குச் சட்ட வகுப்பு. எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று பாலக்காட்டு வக்கீல் ரஜீனா சொல்லிக்கொண்டிருந்தார். தேங்காய்த் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

“ஏழு வருஷம் வரைக்கும் கிடைக்கும்” என்றார் ரஜீனா.

“தேங்காய்க்கு மூணு, புருசனுக்கு ஏழா? பரவால்ல, நம்மூட்டுக்காரங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்குது” என்றாள் குழுத் தலைவி சுப்பாத்தாள். ஹாலே சிரித்தது. யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீடாவது, எதிர் வீடாவது. மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்தது அவள் வயிறுதான்.

அவள் கணவன் மோகனசுந்தரம் தேங்காய் வியாபாரி. வாரத்தில் மூன்று நாள் இங்கே, மீதி நாள் லோடு ஏற்ற உடுமலைப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு ஓட்டு, அந்தப் பக்கம் ஒரு ஓட்டு என்று வைத்திருப்பவர்கள் செக்போஸ்ட் ஊரில் நாலு பேராவது உண்டு. அவனும் அப்படித்தான், அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

இந்த வருஷம் ஒரு ஓட்டுதான் இருக்கலாம் என்று கெடுபிடி வந்தது. புருஷன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, உடுமலைப் பக்கத்து ஓட்டை நீக்க அவள்தான் கைப்பேசியில் பட்டியலைத் தேடினாள். அவன் பேர் இருந்தது. அதே கதவு எண்ணில், அடுத்த வரியில், ‘அனுப்பிரியா, கணவர் பெயர் மோகனசுந்தரம்’ என்றும் இருந்தது.

மறுநாளே இரண்டு பஸ் மாறிப் போய், விலாசம் கேட்கிற சாக்கில் அந்த வீட்டு வாசலில் நின்றாள். அனுப்பிரியா ஒன்றும் ரம்பை இல்லை. “வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிங்க” என்று சொம்பை நீட்டினாள். வீட்டுக்காரர் கேரளாவுக்கு லோடு ஏற்றப் போயிருக்கிறார் என்றாள்.

வாசலுக்கு நேரே சுவரில் மோகனசுந்தரமும் அவளும் மாலையோடு நின்ற படம் பழுப்பேறித் தொங்கியது. கொடியில் அவன் பனியன் இரண்டு காய்ந்தன. அக்குளில் கிழிந்து, ஒட்டுப் போட்ட பனியன்கள். யோகப்பிரியாவிடம் வருகிறபோது அவன் இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட்டுமாகத்தான் வருவான். கிழிந்த பனியனோடு அவன் உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் பனியன்களைப் பார்த்து அவளுக்கு வந்த பொறாமை, அனுப்பிரியாவின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்துக்கூட வரவில்லை.

தனக்கு இல்லாவிட்டாலும் போகிறது, அவளுக்கு அவன் இருக்கக் கூடாது. பஸ்ஸில் திரும்பும்போது எடுத்த முடிவு அது.

“ஏனுங்க மேடம், அந்தப் பொம்பளைக்கு எத்தனை வருசமுங்க?” என்று மறுபடி கேட்டாள்.

“அந்தப் பொம்பளைக்கு எதுக்கும்மா? ரெண்டு கல்யாணம் பண்ணினது அவன்தானே, தண்டனையும் அவனுக்குத்தான்.”

“ஒரு நாள்கூட இல்லீங்களா?”

“இல்லை.”

சட்டத்தை எழுதியவர்கள் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. “செரி, அவனையாவது உள்ள போடோணும். ஆருங்க எழுதிக் குடுக்கறது?”

“முதல் பொண்டாட்டி புகார் கொடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க கொடுத்தா செல்லாது” என்றார் ரஜீனா.

யோகப்பிரியாவின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. உட்கார்ந்துகொண்டாள். புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வரவில்லை போல, என்று சுப்பாத்தாள் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஓதினாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் டீக்கும் வடைக்கும் போனார்கள். யோகப்பிரியா மட்டும் மேசையருகே வந்து நின்றாள். ரஜீனா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

“பக்கத்து வீடுன்னு சொன்னப்பவே நினைச்சேன். மண்டபம் பிடிச்சு முறையா நடந்த கல்யாணம்தானே?”

“ஆமாங்க. முந்நூறு பேருக்குப் பந்திங்க.”

“அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க? அவ மேல பாவம் பார்க்கறீங்களா?”

“பாவமா?” யோகப்பிரியா வெள்ளைத் தாளைத் தள்ளி வைத்தாள். “அவனை உள்ள தள்றதுக்கும் அவளைத்தான் கேக்கோணுமாங்க? அதுக்கும் அவதான் மொதல்லயா?”

ரஜீனாவுக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. பொறாமையில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து, பொறுமையாகவே சொன்னார்.

“யாரையும் கேட்க வேண்டாம். அந்த ரெண்டாவது பொண்ணும் தனியா ஒரு புகார் கொடுக்கலாம். முதல் கல்யாணத்தை மறைச்சு அவளைக் கட்டியிருந்தா குற்றம் இன்னும் பெரிசு. பத்து வருஷம் வரைக்கும் போகும்.”

யோகப்பிரியா நிமிர்ந்தாள்.

“மொதப் பொண்டாட்டி எழுதினா ஏழு. ஏமாந்தவ எழுதினா பத்துங்களா?”

“ஆமா.”

“மூணு வருசம் கூடுதலுங்களா?”

“ஆமாம்மா. ஆனா அது உங்களுக்கு எதுக்கு? இப்ப உங்க புகாரை எழுதுவோம்.”

மூன்று வாரத்துக்குப் பிறகு யோகப்பிரியா முதல்முறையாகச் சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பத்துலயே எழுதுங்க மேடம். மொதப் பொண்டாட்டி அவதானுங்க.”