உள்வட்டம்

அருங்காட்சியகத் தன்னார்வலர் அறையின் ஜன்னல் வெயில் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. பழைய புதைகுழி ஒன்றில் கிடைத்த குழந்தை வளையலின் படத்தை, கணினி முப்பரிமாண உருவமாக்குவதற்காக, தையல்காரி மவுஸால் கோடிட்டு வெட்டுகிறாள். கத்தரி பழகிய கை, வெளிக்கோட்டில் பிசிறில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்க்கிறாள். "உள்வட்டத்தையும் வெட்டுங்க அண்ணி. வளையல் கேட்டா தட்டு அனுப்புறீங்களேன்னு நாலு படம் திரும்பி வந்தாச்சு." மவுஸ் நகரவில்லை. "அங்க ஒண்ணுமில்லையே, வெறும் ஓட்டைதானே!" சொன்ன பிறகுதான் நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அண்ணிக்குத் தங்காமல் போன குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தையல்காரி சுண்டுவிரலை அந்த வட்டத்துக்குள் வைக்கிறாள். திரை வெதுவெதுப்பாக இருக்கிறது. "இதுக்குள்ள ஒரு கை இருந்துச்சு," என்கிறாள்.