ஒருத்தர் வாசித்து முடித்ததும்

கீபோர்டு பையன் கையை எடுத்ததும் என் வீட்டுக்காரர் மட்டும் கைதட்டினார்.

பாட்டு இன்னும் முடியவில்லை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

“ஒருத்தர் வாசிச்சி முடிச்சா தட்டணும் சாரதா. ஜாஸ்ல அதான் மொற” என்றார், ஊருக்கே கேட்கிற மாதிரி. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது.

ஒரகடத்துக் கல்யாண மண்டபத்தில் இவர் வேலை பார்த்த கம்பெனியின் ஆண்டு விழா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி முடிந்த கையோடு கச்சேரி. பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. மீதிப் பேர் குத்துப்பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

போன வருஷம் ரிட்டயரான இவர் மட்டும் காலை பத்து மணிக்கே என்னையும் இழுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பிரஸ் மெஷின் பூட்ட வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது நாலு ஜாஸ் கேசட்டை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். புண்ணியவான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கல்யாண நாளுக்கும் சாக்ஸபோன்தான், பிள்ளையைத் தூங்கவைக்கவும் சாக்ஸபோன்தான். எனக்கு இன்றுவரை அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. இப்போதெல்லாம் வீட்டில் அது பாடுவதில்லை. அதுவும் எனக்கு என்னவோ போலத்தான் இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒரு ஜாஸ் கச்சேரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. சென்னையில் எங்கேயாவது நடக்கும். அன்றைக்குப் பார்த்து இவருக்கு செகண்ட் ஷிப்டாக இருக்கும்.

கம்பெனி ஹாஸ்டல் பிள்ளைகள் நாலு பேர் ஜாஸ் வாசிக்கிறார்கள் என்று நோட்டீஸில் படித்ததும் முகத்தைச் சுளித்தார். ரீல்ஸ் பார்க்கிற பசங்களுக்கு இதெல்லாம் எங்கே வரும் என்றார். அப்புறம் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. இந்த ஒருநாள் இவருக்கு நல்லபடியாக அமையணும் என்று நான் வேண்டாத சாமியில்லை.

இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, இமைக்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குலசாமிகூட இவ்வளவு பயபக்தியைப் பார்த்ததில்லை.

கீபோர்டு பையன் தலையசைத்தான். கவியா சாக்ஸபோனோடு முன்னால் வந்தாள்.

கோவில்பட்டிப் பெண். அப்பா பேண்டு செட்டில் வாசிக்கிறவராம். இவளுக்கு இங்கே அசெம்பிளி லைனில் வேலை. நீல யூனிபாரம் சட்டையோடுதான் நின்றாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் எனக்கே பிடித்திருந்தது. மேலே, இன்னும் மேலே என்று போனாள். திடீரென்று கீச்சென்று ஒரு சத்தம். மறுபடி ஊதினாள். மறுபடியும் கீச்.

வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். டிரம்ஸ் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். அவள் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி போனால் மேடையை விட்டு இறங்கி ஓடிவிடுவாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளுக்காகவும் இவருக்காகவும்தான்.

இவர் எழுந்து நின்று கைதட்டினார்.

முகமெல்லாம் சிரிப்பு. குறையில்லாமல் வாசித்து முடித்தவளுக்குத் தட்டுகிற தட்டு. விடாமல் தட்டினார். கிள்ளிய நானே எழுந்து தட்டினேன். பக்கத்து நாற்காலி நயினார் தட்டினார். இத்தனை பேர் தட்டினால் ஏதோ விஷயம் இருக்கும் என்று மண்டபமும் தட்டியது.

டிரம்ஸ் வாசித்த ஏசுவடியான் சூட்டிகையான பையன். கைதட்டல் வந்தால் அடுத்த ஆளின் முறை என்று எடுத்துக்கொண்டு வெளுத்து வாங்கினான். அவன் முடித்தபோது யாரும் சொல்லாமலே எல்லோரும் தட்டினார்கள். அதற்குள் கவியா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டாள். கடைசிவரை வாசித்தாள்.

முடிந்ததும் மேடையிலிருந்து நேராக இவரிடம்தான் வந்தாள்.

“நீங்க மட்டும் அன்னேரம் தட்டலைன்னா அழுதுகிட்டே எறங்கியிருப்பேன் சார்” என்றாள்.

இவர் சிரித்தபடி அவள் தலையில் கை வைத்தார்.

மணிமங்கலத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். படப்பை தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பசங்கள இன்னான்னு நெனச்சேன் நானு! அந்தப் பொண்ணு ஒரு எடத்துலகூடப் பிசகல. முடிச்சதும் அதுக்கே கண்ணு கலங்கிப்போச்சு, பாத்தியா?”

நான் கைப்பையைத் திறந்தேன். மண்டப வாசலில் இவர் கழற்றிக் கொடுத்த காது மிஷின் கைக்குட்டையில் சுருட்டியபடி இருந்தது. வலது காது போய் நாலு வருஷம் ஆகிறது. இடது காது போன தீபாவளியோடு சரி. மிஷினைப் போட்டால் எல்லாமே தகரம் உருள்கிற மாதிரி இருக்கிறதாம். ஜாஸை மட்டும் அப்படிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பையை மூடினேன். ஜன்னல் வெயில் என் முகத்தில் விழும்படி இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

“ஒரு எடத்துலகூட இல்ல.”