வீரபாண்டி மார்க்

"எங்கப்பா பேருக்கு ஒண்ணரை லட்சமா? விலை பேசறானா அவன்?"

சங்கரலிங்கம் போனில் போட்ட சத்தத்தில், கடைவாசலில் சுக்கு புடைத்துக்கொண்டிருந்த பெண்களின் முறங்கள் நின்றன.

"வருஷ வாடகையாம் சாரே," என்றாள் மறுமுனையில் மஞ்சுஷா. "வருஷா வருஷம் ஒண்ணரை லட்சம் தருவாராம். வீரபாண்டி மார்க்கை நீங்க தொடக்கூடாதாம். உங்க தம்பி சொன்னதா சுமா எழுதியிருக்கு."

அப்பா போனபின் வீட்டையும் கிடங்கையும் பங்கு போட்டுக்கொண்ட சங்கரலிங்கத்துக்கும் தம்பி அழகருக்கும், சாக்கில் அச்சடிக்கும் வீரபாண்டி என்ற அப்பா பேரை மட்டும் பங்கு போடத் தெரியவில்லை. இருவருமே தங்கள் சாக்கில் அதை அச்சடித்தார்கள். இருவரிடமும் சரக்கு வாங்கி வெறுத்துப்போன துபாய் வியாபாரி ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். பேர் யாருக்கென்று முடிவானால்தான் மீதியாம்.

நேரில் பேசினால் கை நீண்டுவிடுகிறது. அதனால் சங்கரலிங்கம் பேப்பரில் விளம்பரம் பார்த்து, சுள்ளிக்கல்லில் ஏதோ ஒரு கம்பெனியில் 'வெர்ச்சுவல் அசிஸ்டென்ட்' பிடித்தார். கடைக்கே வராத ஆள், இந்த மஞ்சுஷா. போனில் சொன்னால் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பிவிடுவாள். சம்பளம் உண்டு, சாயாச் செலவு இல்லை என்று மட்டாஞ்சேரி பஜார் முழுக்கப் பெருமையடித்தார். எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த அழகருக்குப் பொறுக்குமா? மறுவாரமே சுமா என்று ஒருத்தியை அமர்த்திக்கொண்டார். இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்குப் போகவேண்டிய வசவெல்லாம் சுள்ளிக்கல் சுற்றிப் போய்வந்தது.

"எழுதிக்கோ. உன் மூஞ்சிக்கு அப்பா பேர் ஒரு கேடான்னு எழுது."

"எழுதியாச்சு."

"எடைக்கல்லைத் திருடி வித்தவன்னு எழுது."

"அது போன மாசமே எழுதியாச்சு சாரே."

"மறுபடி எழுது. அவனுக்கு மறந்திருக்கும்."

மஞ்சுஷா தயங்கினாள். "சாரே, சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும். பேரை முதல்ல டிரேட்மார்க்கா பதிவு பண்ணுங்க. வேற வாரிசு உண்டோ?"

"ஒரு தங்கச்சி. நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. வீடு, கிடங்கு, தராசு வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்னு கையெழுத்தும் வாங்கியாச்சு. கட்டிக் கொடுத்த பிள்ளைக்கு அப்பா பேர் என்னத்துக்கு? பதிவெல்லாம் மெல்லப் பாக்கலாம். முதல்ல அந்தப் பயலுக்குப் பதில் போடு."

அதன்பின் இரண்டு மழைக்காலம் கடந்தது. மஞ்சுஷா மாதாமாதம் பதிவை நினைவுபடுத்தினாள். சங்கரலிங்கம் மாதாமாதம் புது வசவு சொன்னார்.

ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "சாரே, வீரபாண்டி மார்க் பதிவாயிடுச்சு. ஆனா உங்க பேர்ல இல்ல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே, செருப்பில்லாமல் தெருவில் குதித்தார். எதிர்ச்சாரியிலிருந்து அழகரும் போனும் கையுமாக ஓடி வந்தார். இருவரும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டார்கள். அவர் சட்டையை இவர் பிடித்தார், இவர் சட்டையை அவர்.

"திருட்டுப் பயலே, கமுக்கமா பதிவு பண்ணிட்டியா?"

"நானா? பண்ணினது நீ. சுமா இப்பதான் சொன்னா."

"பொய் சொல்லாதடா. மஞ்சுஷா சொல்லிட்டா."

மிளகு மூட்டை ஏற்றி வந்த கைவண்டி நின்றது. வண்டிக்காரர், "சேட்டன்மாரே, அடிக்கிறதுன்னா ஓரமா நின்னு அடிங்க," என்றார்.

அப்போதுதான் இரண்டு கைகளிலும் இருந்த போன்களிலிருந்து ஒரே குரல் கேட்டது.

"அண்ணே, ரெண்டு பேரும் சட்டையை விடுங்க. நான் பேச்சியம்மாள்."

பிடி தளர்ந்தது.

"மஞ்சுஷாவும் சுமாவும் என் கம்பெனிப் பிள்ளைங்கதான். பதிவு பண்ணுங்கன்னு மாசாமாசம் உங்க ரெண்டு பேருக்கும் சொல்லச் சொன்னேன், கேக்கல. நீங்க எங்கிட்ட வாங்கின கையெழுத்துல வீடு இருந்துச்சு, கிடங்கு இருந்துச்சு, தராசு கூட இருந்துச்சு. அப்பா பேர் இல்ல, அதை நான் பதிஞ்சுக்கிட்டேன். சரி, கணக்கைக் கேட்டுக்கோங்க. மஞ்சுஷா சம்பளம் பெரியண்ணன் கட்டியாச்சு. சுமா சம்பளம் சின்னண்ணன் கட்டியாச்சு. அப்பா பேருக்கு வாடகை, சின்னண்ணன் வச்ச விலைதான், ஆளுக்கு ஒண்ணரை லட்சம். அது மட்டும் பாக்கி."