ஜன்னலை மறைத்த கயிறு

"நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியைத் தரையில் ணங்கென்று வைத்தாள் அவள்.

கணவன் பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தான். பீரோவுக்குப் பின்னால் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. மழை விட்டும் சுவரில் ஓதம் விட்டபாடில்லை. துடைக்கத் துடைக்கப் பூஞ்சை வந்துகொண்டே இருந்தது.

"யார்கிட்ட? கடுகுகிட்டயா?"

கடுகு என்பது பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இவர்கள் வைத்திருந்த பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிற ரகம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற மாதிரி ஒரு சந்து. காலையில் அதில் இறங்குகிற வெயில் இவர்கள் படுக்கையறைக்குள் வந்திருக்க வேண்டும். வந்தால்தானே? ஜன்னலுக்கு நேரே கயிறு கட்டி, வரிசையாகப் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டிருந்தாள் கடுகு.

"பாவம், அவங்க வீட்டுக்கார அண்ணன் படுத்த படுக்கையா கிடக்கிறார். தினமும் துவைச்சாகணும். முழங்கால் வலியோட அந்தம்மாவால மாடி ஏறவா முடியும்?" என்றான் கணவன்.

"நம்ம பொண்ணு பாவமில்லையா? ராத்திரி பூரா மூச்சு இழுத்துது. ரூமுக்குள்ள வெயிலும் காத்தும் வரணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே."

அவன் திரும்பவும் பீரோவை நகர்த்த ஆரம்பித்தான். இது வேலைக்கு ஆகாது என்று அவளே களத்தில் இறங்கினாள். நேரில் கேட்டால் கடுகு வெடிக்கும். அதனால் ஜன்னலோரம் நின்று அக்காவுக்குப் போன் போட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினாள்.

"சில பேருக்கு மனசாட்சியே கிடையாதுக்கா. சின்னக் குழந்தை மூச்சு விட முடியாம தவிச்சா அவங்களுக்கென்ன? அவங்க துணி காஞ்சா போதும்."

எதிர் ஜன்னல் டமாரென்று மூடிக்கொண்டது.

மறுநாள் சந்தில் கயிறே இல்லை. வெயில் கட்டில் வரை வந்து விழுந்தது.

"பாத்தீங்களா? ஒரே டோஸ்தான் விட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் காய்ந்தது. மகளின் இழுப்பும் அடங்கியது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒருநாள் ஜன்னல் இடுக்கைச் சுத்தம் செய்யும்போது கடுகின் தலையணை உறை ஒன்று கிடைத்தது. எப்போதோ பறந்து வந்து சிக்கியிருக்கிறது. அதைக் கொடுக்கிற சாக்கில், ஜெயித்த முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமே என்று கிளம்பினாள். அந்த ஆசை யாரை விட்டது?

கதவு பாதிதான் திறந்தது. ஈர வாடை குப்பென்று அடித்தது.

"கொடுத்துட்டுக் கிளம்புங்க. உள்ள வர வேண்டாம்," என்றாள் கடுகு.

அவளுக்குச் சுருக்கென்றது. என்ன திமிர் என்று நினைத்தபடி கடுகின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் சுவருக்குச் சுவர் கயிறு. சொட்டச் சொட்ட விரிப்புகள். பின்னால் சுவர் முழுக்க அதே கறுப்பு. கயிற்றுக்குக் கீழேயே கடுகின் படுக்கை சுருட்டி வைத்திருந்தது.

"அண்ணன் எங்கே?" குரல் இறங்கிவிட்டது.

"உள் ரூம்ல. அது காஞ்சுதான் இருக்கு."

"அன்னிக்கு நான் போன்ல பேசினது..."

"நல்லாவே கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி ராத்திரி, பாப்பாவுக்கு இழுத்ததும் கேட்டுச்சு. போட்ட துணி காஞ்சதும் கயிறை அவுத்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க போனை எடுத்துட்டீங்க." கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. "பவுடர் மிச்சம் இருக்கும்மா. சுவரைத் துடைக்க நானும் ஒரு கை கொடுக்கிறேன்," என்று வாசற்படியில் கால் வைத்தாள்.

கடுகு கையை நீட்டித் தடுத்தாள். "வேண்டாம்னா விடுங்களேன்."

"என்மேல கோபமாத்தான் இருக்கும்..."

"கோபம் கிடக்கட்டும். இந்த வாடை உங்க துணியில ஒட்டிக்கிட்டு வந்தா, பாப்பாவுக்குத் திரும்ப இழுக்க ஆரம்பிச்சுடும்மா."