பறவைக்குப் பின்னால் வானம்

"ஒரு நேரத்துல ஒரு தோட்டாதான். அதையும் நான் கையில கொடுத்தாத்தான் போடணும்," என்றார் வெர்லின். தெற்கு டகோட்டாவின் அந்த ஊரில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று மருமகன் கர்டிஸின் முறை.

கர்டிஸ் மினியாபொலிஸ்காரன். வேட்டைக்கு வராத மாப்பிள்ளையோடு அந்த வீட்டில் யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"பறவைக்குப் பின்னாடி என்ன தெரியணும்?"

"வானம்."

"தெரியலைன்னா?"

"விசையிலேர்ந்து விரலை எடுத்துடணும்."

"பரவாயில்லையே, பட்டணத்து மூளையிலயும் ஏறுது."

அறுவடை முடிந்த சோளக்காட்டுக்கு அப்பால், உயர்ந்த புல்லுக்குள் நாயை விட்டு, ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிகளைக் கிளப்பிக்கொண்டு வந்தாள் மேரன். கர்டிஸின் மனைவி, வெர்லினின் ஒரே மகள். அவளுடைய ஆரஞ்சுச் சட்டை புல்லுக்கு மேல் தெரிந்தும் மறைந்தும் வந்தது.

"என்ன கர்டிஸ், சேவல் வந்தா சுடுவியா, இல்ல குட்மார்னிங் சொல்லுவியா?" என்று கத்தினாள்.

முதல் ஃபெசன்ட் சேவல் உயரக் கிளம்பியது. கர்டிஸ் சுட்டான். ஓர் இறகுகூட உதிரவில்லை. இரண்டாவதும் அப்படியே தப்பியது.

"தோள்ல உதைக்கும்னு பயந்தேன். ஒண்ணுமே தெரியல."

"வேகத்துல தெரியாது," என்று சிரித்த வெர்லின் அடுத்த தோட்டாவைக் கொடுத்துவிட்டுத் தன் துப்பாக்கியையும் தோளுக்கு ஏற்றினார்.

மூன்றாவது சேவல் புல்லை உரசியபடி தாழப் பறந்தது. இரண்டு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன.

ஆரஞ்சுச் சட்டையைக் காணவில்லை. நாய் மட்டும் குரைத்துக்கொண்டே இருந்தது.

கர்டிஸ் ஓடப் போனான். வெர்லின் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, துப்பாக்கியை வாங்கித் திறந்து, சுட்ட தோட்டாவை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"வானம் தெரிஞ்சுதா?"

"தெரியல."

"நான் மேல பார்த்துத்தான் சுட்டேன்," என்றார் வெர்லின்.

ஷெரிஃப் கேட்பதற்கு முன்பே கர்டிஸ் சொல்லிவிட்டான். "நான்தான் கொன்னேன். என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்."

தேவாலயத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கத் துணியாமல் அவன் கடைசி வரிசையில் ஒடுங்கியிருந்தான். வெர்லின் அங்கேயே நடந்து போய் அவனைக் கட்டிக்கொண்டார். "உன்னை மன்னிச்சிட்டேன்," என்றார். அந்தப் பெரிய மனசை நினைத்து ஊரே அழுதது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி லவோன் வெடித்தாள்.

"பழக வர்றவன் எவனா இருந்தாலும் முதல் நாள் சத்தத் தோட்டாதானே கொடுப்பீங்க? நாய்க்குட்டிய வெடிச்சத்தத்துக்குப் பழக்குறது. சத்தம்தான் வரும், உள்ள குண்டு இருக்காது. பழக வர்றவன்கிட்டகூட அதைச் சொல்ல மாட்டீங்க. இவனுக்கு மட்டும் ஏன் நிஜத் தோட்டாவைக் கொடுத்தீங்க?"

வெர்லின் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இவனுக்கும் அதைத்தான் கொடுத்தேன்."