தொடர்கதை எழுதியவர்

"விரலைக் காட்டு."

கம்பெனித் தலைவர் கமேயாமா மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பொறியாளர் ஹதானோவின் நடுவிரலில் மை காய்ந்து கறுத்திருந்தது.

"வரைபடம் போடுறவன் விரல் இப்படித்தாங்கய்யா இருக்கும்," என்றார் ஹதானோ.

குளியலறை கேஸ் பாய்லர் செய்யும் அந்த ஒசாகா கம்பெனி ஆறு வாரமாக ஆடிப்போயிருந்தது. யாரோ புனைபெயரில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கதையில் வரும் பாய்லரில் கேஸ் கசிகிறது. கல்யாணமாகி இருபது நாளான பெண் தொட்டியிலேயே மூச்சு நின்று கிடக்கிறாள். கம்பெனி மலர்வளையம் அனுப்பி, எல்லார் வாயையும் அடைக்கிறது.

அத்தனையும் போன குளிர்காலத்தில் சகாய் நகரில் நிஜமாகவே நடந்தது.

இருபத்தாறு வருடமாகத் தலைவரின் வலதுகையாக இருக்கும் இயக்குநர் குசுமி, கதவைச் சாத்திவிட்டு வந்து ஆறு இதழ்களையும் மேஜைமேல் போட்டார். வரிக்கு வரி சிவப்புக் கோடு.

"வால்வு துருப்பிடிக்கிறதைப் பத்தி நீ அறிக்கை கொடுத்தியே ஹதானோ, அதே விஷயம் இதுல வருது. என்ன சொல்ற?"

"அறிக்கைதான் எழுதினேன். கதை எழுதலை."

"அந்த அறிக்கை மூணு பேரைத் தாண்டிப் போகலையே!" தலைவர் சீறினார். "நீ, நான், குசுமி. அப்ப நாங்களா உட்கார்ந்து கதை எழுதுறோம்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குசுமியும் சிரித்தார். தலைவர் மறுபடி ஹதானோ பக்கம் திரும்பினார்.

"ஒத்துக்கிட்டா ராஜினாமாவோட போயிடலாம். இல்லேன்னா இந்த ஊர்ல ஒரு கம்பெனியும் உன்னை வாசப்படி ஏத்தாது. வீட்ல ரெண்டு பொண்ணுங்கல்ல?"

எதிரே வைத்த பார்லி தேநீரை ஹதானோ தொடவேயில்லை.

"நான் எழுதலைங்கய்யா. எழுதற தைரியம் எனக்கு இல்லை. அந்தப் பொண்ணோட அப்பா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மணி அடிக்கக் கை வரலை, திரும்பிட்டேன்." குரல் உடைந்தது. "எழுதினவர் யாரோ, நேர்ல பார்த்தா அவர் முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பேன்."

குசுமி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போதும் நாடகம்!" தலைவர் மேஜையைத் தட்டினார். "கதை எழுதினவன் இன்னிக்கே வெளிய போகணும். குசுமி, வேலைநீக்க உத்தரவை எழுது. நான் முத்திரை போடுறேன்."

குசுமி உட்கார்ந்தார். பேனா மூடியைத் திறந்தவர் ஹதானோவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் எழுதி நீட்டினார்.

தலைவர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, தாளின்மேல் ஓங்கிக் குத்தினார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் வெளுத்தது.

"என்னய்யா குசுமி இது? உன் பேரை எழுதியிருக்கே!"

"கதை எழுதினவன் பேரைத்தான் எழுதியிருக்கேன்."